மழைக்குக் கணக்கு இருக்கிறது, மனிதருக்கு?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் மாவட்டப் பதிப்பைப் பிரித்ததும் பலர் முதலில் தேடுவது மழையளவுப் பட்டியலைத்தான். பாபநாசத்தில் எவ்வளவு, சேர்வலாற்றில் எவ்வளவு, மணிமுத்தாற்றில் எவ்வளவு என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவோம். அந்தப் பட்டியலில் அடிக்கடி எல்லோருக்கும் மேலே நிற்கும் நான்கு பெயர்கள் உண்டு: ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை. அம்பாசமுத்திரத்தில் தூறல் விழுந்திருந்தால் அங்கே கொட்டித் தீர்த்திருக்கும். சில நாள்களில் தமிழகத்திலேயே அதிக மழை பெய்த இடம் என்று ஊத்தும் நாலுமுக்கும் தலைப்புச் செய்தியிலும் வந்துவிடும்.

மழை ஓய்ந்ததும் அந்தப் பெயர்களும் பத்திரிகையிலிருந்து மறைந்துவிடுகின்றன. அந்த மழையில் நனைந்தவர் யார், அங்கே எத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது, அந்தப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. கல்லூரி மாணவர்களிடம் ஊத்து என்றால் என்ன என்று கேட்டால், மழை அதிகம் பெய்யும் இடம் என்று சரியாகச் சொல்வார்கள். அது ஓர் ஊர், அங்கே நான்கு தலைமுறையாக மக்கள் வாழ்ந்தார்கள் என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் நம் சேரிகளிலிருந்து ஏறிப்போனவர்கள். இப்போது அவர்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த வாரம் இந்தப் பத்தியை அவர்களுக்கு ஒதுக்கினோம்.

மேலே போகும் பாதை

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு அணைக்கட்டு வழியாகப் போனால் வனத்துறைச் சோதனைச் சாவடி வரும். அதைத் தாண்டியதும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் தொடங்கிவிடுகிறது. 1988-ல் அமைந்த இந்தக் காப்பகம்தான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். மணிமுத்தாறு அருவி வரை சுற்றுலா வருபவர்கள் உண்டு. அதற்கு மேலே சாலை குறுகி, வளைந்து வளைந்து ஏறும். முதலில் மாஞ்சோலை, பிறகு புல்வெளிக்குப் பெயர்போன காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, அதையும் தாண்டினால் குதிரைவெட்டி. ஐந்தும் ஒரே தேயிலைத் தோட்டத்தின் பகுதிகள். வெளியூர்க்காரர்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாஞ்சோலை என்று சொல்லிவிடுகிறோம். அந்த மக்களிடம் கேட்டால் நான் நாலுமுக்கு, நான் ஊத்து என்று தனித்தனியாகத்தான் சொல்வார்கள்.

பேருந்தை விட்டால் அந்த மக்களுக்கு வேறு வழியில்லை. பெரிய வைத்தியம், கல்லூரிப் படிப்பு, தாலுகா ஆபீஸ், கல்யாணச் சாமான் எல்லாவற்றுக்கும் கீழேதான் வரவேண்டும். 2023 டிசம்பர் பெருமழையில் கீழே நாம் வெள்ளத்தில் தத்தளித்தபோது மலைச்சாலையும் சேதமடைந்தது. பேருந்து நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று நாடே பேசிய அந்த நாள்களில், மாஞ்சோலையில் எத்தனை சென்டிமீட்டர் என்பதும் பட்டியலில் வந்தது. அங்கே அடுப்பு எரிந்ததா என்பது மட்டும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. தேனி மாவட்டத்தில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானை ஜூன் மாதம் இந்தக் காப்பகத்தில் கொண்டுவந்து விடப்பட்டது. செப்டம்பரில் அது நாலுமுக்குப் பக்கம் வந்தபோது எல்லாப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. கழுத்தில் கட்டிய ரேடியோ காலர் மூலம் அது எங்கே நிற்கிறது, எவ்வளவு தூரம் நடந்தது என்றெல்லாம் தெரிந்தது. அதில் நமக்கு வருத்தம் எதுவும் இல்லை. யானையைக் கண்காணிப்பது நல்ல காரியம். மழையை அளக்கிறோம், யானையின் அடிச்சுவட்டையும் கணக்கெடுக்கிறோம். அந்த மலையில் கொழுந்து பறித்தவர்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

ஏறிப்போனவர்கள்

சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்த காட்டில் 8,373 ஏக்கருக்கு மேல், 1929-ல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. அடர்ந்த காட்டைத் திருத்தித் தேயிலை நடவேண்டும். யானையும் மிளாவும் காட்டுமாடும் திரியும் இடம். கொட்டும் மழை, குளிர், காய்ச்சல். அந்த வேலைக்கு யார் போவார்கள்? நிலம் வைத்திருந்தவர் யாரும் போகவில்லை. கங்காணிகள் கீழே இறங்கி ஆள் தேடியபோது சேரிகளில்தான் ஆள் கிடைத்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள் அதிகம். கேரளத்திலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு.

ஏன் போனார்கள் என்பதை மாணவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் முப்போகம் விளைந்த காலம் அது. வயல்கள் பண்ணையார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தன. அந்த வயலில் நாற்று நட்டவருக்கும் களை பறித்தவருக்கும் கதிர் அறுத்தவருக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லை. 1892-ல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலங்களில் எவ்வளவு இன்று அந்த மக்களின் கையில் இருக்கிறது என்ற கேள்வியை இந்தப் பத்தியில் பலமுறை எழுப்பியிருக்கிறோம். நிலமில்லாதவர் கையில் காசும் இல்லை, பேசும் வாயும் இல்லை. மலையில் கூலி பணமாகக் கிடைக்கும் என்று கங்காணி சொன்னதே அன்றைக்குப் பெரிய வாக்குறுதி.

மலைக்குப் போனதில் ஒரு விடுதலையும் இருந்தது. கீழே ஊர் வேறு, சேரி வேறு. மேலே லைன் வீடுகளில் அடுத்தடுத்த வீட்டுக்கு நடுவில் இருந்தது ஒரு சுவர்தான். ஒரே குழாய், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பேருந்து. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்தில். சாதி அங்கே அடியோடு செத்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாமா என்ற அச்சம் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இல்லை. அப்படி வளர்ந்த பிள்ளை விடுமுறைக்குத் தாத்தா ஊருக்கு வந்து, டீக்கடையில் தனிக் குவளையைப் பார்த்து விழித்த கதைகளை அந்தக் குடும்பங்களில் இன்றும் கேட்கலாம்.

வீடும் வேலையும் ஒரே முடிச்சில்

விடியற்காலையில் சங்கு ஊதினால் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். இடுப்பில் சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ சுற்றிக்கொண்டு, தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு மழையிலேயே கொழுந்து பறிக்க வேண்டும். அட்டை ஏறாமலிருக்கக் காலில் உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொள்வார்கள். ஏறத்தான் செய்யும். பறித்த கொழுந்தைத் தலையில் சுமந்து எடை போடும் இடத்துக்குப் போகவேண்டும். மழையில் நனைந்த கொழுந்துக்கு ஈரம் என்று எடையில் கழிவும் உண்டு. ஆண்களுக்குக் கவாத்து, மருந்தடிப்பு, காடு வெட்டு, ஃபேக்டரி வேலை. இந்த நாட்டுக்கு டீ கிடைத்தது இந்தக் கைகளால்தான்.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் தோட்ட நிர்வாகம் தரவேண்டியிருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை இருக்கும் வரை வீடு. 58 வயதில் ஓய்வு என்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும். முப்பது, நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டில் ஒருநாள்கூட உரிமையில்லை. வீடு கையைவிட்டுப் போகாமல் இருக்க ஒரே வழி, மகனோ மகளோ மருமகளோ தோட்டத்தில் பேர் பதிவது.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். நன்றாகப் படிக்கும் பிள்ளையாக இருக்கும். மேலே படிக்கக் கீழே ஹாஸ்டலுக்குப் போகவேண்டும். அதே வருடம் அப்பாவுக்கு ஓய்வு வரும். அந்தப் பிள்ளை புத்தகத்தை வைத்துவிட்டுக் கொழுந்துக் கூடையை எடுத்தால் குடும்பத்துக்கு வீடு நிற்கும். படிக்கப் போனால் குடும்பம் தெருவுக்கு வரும். அப்படி வீட்டுக்காகப் படிப்பை விட்டவர்கள் அந்த மலையில் லைனுக்கு லைன் உண்டு. இதையும் மீறி, ஒருவர் வேலையில் நின்று மற்றவரைப் படிக்கவைத்து, வக்கீலாகவும் ஆசிரியராகவும் செவிலியராகவும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1952-ல் சிங்கம்பட்டி ஜமீன் காடுகளை அரசு எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டம் சமவெளியில் உழுத ரயத்துகளுக்குப் பட்டா கொடுத்தது. மலையில் என்ன நடந்தது? நிலத்தின் உரிமையாளர் மாறினார், ஜமீனுக்குப் பதில் அரசு வந்தது. கம்பெனியின் குத்தகை தொடர்ந்தது. தொழிலாளியின் நிலை அப்படியே இருந்தது. ஜமீன் ஒழிந்தும் நிலம் கிடைக்காத மக்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தால் இவர்களை முதலில் எழுதவேண்டும்.

ஆறு எழுதிய பக்கம்

இந்த மலை மக்களின் வாழ்க்கையில் நம் மாவட்டம் முழுவதும் அறிந்த பக்கம் ஒன்றுதான். அது 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டுப் போராடிக் கைதான தோட்டத் தொழிலாளர்கள் 652 பேரை விடுதலை செய்யக் கோரி, திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீசை நோக்கிப் பேரணி போனது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடந்தது. ஓடிய கூட்டம் தாமிரபரணியில் இறங்கியது. பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் உயிரிழந்தனர். நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறோம்.

மாஞ்சோலை மலையில் பெய்யும் மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலக்கிறது. மலை மக்களுக்காகக் கீழே கூடியவர்கள் அந்த ஆற்றிலேயே உயிர்விட்டார்கள். 17 பேரின் சாவு அந்த மலையின் பெயரை நாட்டுக்குச் சொன்னது. அதற்கு முந்தைய எழுபது ஆண்டு வாழ்க்கையையோ, பிந்தைய கால் நூற்றாண்டு வாழ்க்கையையோ யாரும் அதே அக்கறையோடு எழுதிவைக்கவில்லை. நாமும் அதில் சேர்த்திதான். ஜூலை மாதம் மலர் தூவிவிட்டு ஆகஸ்ட் மாதம் மறந்துவிடுகிறோம்.

இறங்கச் சொன்ன நாள்

99 ஆண்டுக் குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. இதற்கிடையில், 2018-ல் சிங்கம்பட்டி ஜமீன் காடுகள் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டன. தோட்டம் இருக்கும் நிலமும் அதில் அடக்கம். 2024-ல் கம்பெனி தன் வேலையை முடித்துக்கொள்வதாகச் சொல்லி, விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. ஜூன் மாதத்துக்குள் கையெழுத்து, ஆகஸ்டில் வீடு காலி என்று நாள் குறிக்கப்பட்டது. விருப்ப ஓய்வு என்று பெயர். மூடப்போகும் தோட்டத்தில் ஓய்வை மறுத்து வேறு எதை விரும்ப முடியும்?

வழக்குகள் தொடரப்பட்டன. வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ இந்தத் தோட்டத்தை ஏற்று நடத்தவேண்டும் என்பது தொழிலாளர்கள் கேட்டவற்றில் முக்கியமானது. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய நம் மக்களுக்கு வேலையும் வீடும் கொடுக்கத்தான் 1968-ல் டான்டீ திட்டம் தொடங்கப்பட்டது. கடல் கடந்து போய்த் திரும்பியவர்களுக்கு ஒரு வழி செய்த அரசு, நம் மாவட்டத்து மலைக்கே போய்த் திரும்புகிறவர்களுக்கும் செய்யலாமே என்று அவர்கள் கேட்டார்கள். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளைச் செய்துகொடுக்கவேண்டும் என்ற அளவில் தீர்ப்பு வந்தது. அரசு சமவெளியில் அடுக்குமாடிக் குடியிருப்பு வீடுகளும் வீட்டுமனையும் தொழில் கடனும் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பல குடும்பங்கள் இறங்கிவிட்டன.

வன உரிமைச் சட்டத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. 2006-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, பழங்குடி அல்லாதவர் காட்டில் உரிமை கேட்கவேண்டுமானால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1930 டிசம்பருக்குப் போகிறது. குத்தகை நடந்தது 1929-ல். முதலில் காடு திருத்தப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் 1930-ல் தாத்தா அங்கே இருந்தார் என்பதற்கு என்ன காகிதம் இருக்கிறது? கங்காணியின் நோட்டும் தோட்டத்து ரெஜிஸ்டரும் தொழிலாளியின் டிரங்குப் பெட்டியில் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, இவர்கள் காட்டைச் சார்ந்து வாழ்ந்தவர்களே அல்ல, கூலிக்கு வந்தவர்கள் என்ற வாதம் வேறு. நூறாண்டு நெருங்க ஒரே மலையில் பிறந்து, வாழ்ந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்களைக் கூலிக்கு வந்தவர்கள் என்று சொல்ல முடிவது, அவர்கள் வாழ்ந்ததற்கு அவர்கள் கையில் காகிதம் இல்லாததால்தான்.

காட்டுக்கு எதிராகப் பேசவில்லை

காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்பவர்கள் நம் எதிரிகள் அல்ல. பொருநை வற்றாமல் ஓடுவது அந்தச் சோலைக்காடுகளால்தான். சிங்கவால் குரங்கு வாழும் காடு அது. அந்த ஆறு வற்றினால் முதலில் பட்டினி கிடப்பதும் வயல்கூலிகளான நம் மக்கள்தான். தேயிலைக்காடு மறுபடியும் சோலைக்காடாக மாறுவதை நாம் குறை சொல்லமாட்டோம். அதைச் செய்யும்போது, செடி வெட்டவும் மரக்கன்று நடவும் வேட்டைத் தடுப்புக் காவலுக்கும் அந்த மலையின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த அதே தொழிலாளர்களை வேலைக்கு வைத்தால் காட்டுக்கும் நல்லது என்பதையும் சொல்லவேண்டும்.

நம் கேள்வி நிலத்தைப் பற்றியது. நிலமில்லாததால்தான் தாத்தா மலையேறினார். பேரன் இறங்கும்போதும் நிலமில்லை. அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்தால் கூரை கிடைக்கும். அதில் ஆடு கட்ட முடியாது, கோழி வளர்க்க முடியாது, முருங்கை நட முடியாது. கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்த ஐம்பது வயதுப் பெண் அந்த வீட்டிலிருந்து எந்த வேலைக்குப் போவார்? சொந்தக் கிராமத்துக்குத் திரும்பலாம் என்றால், அங்கே அதே சேரியில் அண்ணன் தம்பி பங்கில் ஒரு மூலைதான் இருக்கிறது. டீக்கடையில் தனிக் குவளையைப் பார்த்து விழித்த பிள்ளை, இனி அந்த ஊரிலேயே வாழவேண்டும். நான்கு தலைமுறை உழைப்பு ஒரு வட்டமடித்துப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறது என்றால், அதற்குப் பெயர் மறுவாழ்வா?

அரசு நினைத்தால் வழி இல்லாமல் இல்லை. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்க 1978-லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்க, தாட்கோ வழியாக நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. நிலத்தின் விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம். மலையிலிருந்து இறங்கும் பெண்களுக்கு இதில் முன்னுரிமை கொடுத்து, மீதிப் பாதிக்குக் கடனை எளிதாக்கினால் பல குடும்பங்கள் நிலைத்துவிடும். இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவர்களாகிவிட்ட தலித் குடும்பங்கள் பட்டியல் சாதிக் கணக்கில் வரமாட்டார்கள். ஒரே லைனில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து ஒரே கொழுந்தைப் பறித்தவர்களில் ஒருவருக்கு மானியம், மற்றவருக்கு இல்லை என்று ஆகிவிடும். ஆகவே தோட்டத் தொழிலாளர் என்ற ஒரே அடிப்படையில், எல்லாக் குடும்பங்களுக்கும் வீட்டுமனையோடு சேர்த்து விவசாய நிலமும் பெண்களின் பெயரில் தரும் தனி அரசாணை வேண்டும் என்பது நம் கோரிக்கை.

மாணவர்களுக்கு ஒரு வேலை

இந்தப் பத்தியைப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு, குறிப்பாக அந்த மலையில் பிறந்தவர்களுக்கு, நாம் சொல்ல விரும்புவது இதுதான். மேலே இருக்கும் லைன் வீடுகளின் கூரை இன்னும் எத்தனை மழை தாங்கும் என்று தெரியாது. ஆள் இல்லாத வீட்டைக் காடு சீக்கிரம் மூடிவிடும். அதற்குள் சேர்க்க வேண்டியவற்றைச் சேர்க்க வேண்டும்.

முதலில் காகிதங்கள். பழைய ரேஷன் கார்டு, பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், மருத்துவச் சீட்டு, திருமுழுக்குப் பதிவு, கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஊத்து என்றோ நாலுமுக்கு என்றோ முகவரி அச்சான ஒரு கல்யாணப் பத்திரிகைகூட ஒரு நாள் சாட்சி சொல்லும். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து இரண்டு மூன்று பேரிடம் வைத்திருங்கள். இடம் மாறுவதற்கு முன் பள்ளிக்கூடத்து அட்மிஷன் ரெஜிஸ்டர் எங்கே போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வாக்காளர் பட்டியலில் தாத்தா, பாட்டி பெயர் இருக்கும் பக்கத்தை எடுத்து வையுங்கள். அரசு அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும்.

அடுத்தது கல்லறைகள். வாழ்ந்த வீடு கம்பெனியுடையது. செத்தவர் கிடக்கும் இடம் மட்டும்தான் குடும்பத்துக்கென்று மலையில் இருப்பது. யார் கல்லறை, எந்த வருடம், எந்த இடம் என்று ஒரு வரைபடம் போட்டு வையுங்கள். ஆண்டுக்கொரு முறையாவது போய் விளக்கேற்ற அனுமதி வேண்டும் என்று வனத்துறையிடம் எழுதிக் கேளுங்கள். அது கேட்கத் தகுந்த கோரிக்கை.

மூன்றாவது குரல்கள். வீட்டில் மூத்தவர்களை உட்காரவைத்து, போனில் பதிவு செய்யுங்கள். எந்த ஊரிலிருந்து முதலில் யார் மலையேறினார், ஏன் ஏறினார், எந்த லைனில் இருந்தீர்கள், கூலி எவ்வளவு, யாரெல்லாம் படித்தார்கள், யார் படிப்பை விட்டார்கள் என்று கேளுங்கள். எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்த ஓடைக்கு என்ன பெயர் என்று கேட்கத் தவறாதீர்கள். அந்தப் பெயர்களை வைத்தவர்கள் கொழுந்து பறித்தவர்கள்தான். எந்த அரசு வரைபடத்திலும் அவை இருக்காது. தமிழ், வரலாறு, சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். நம் மாவட்டத்திலேயே எழுதப்படாத ஐந்து ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் உங்கள் தெருவிலேயே குடிவந்திருக்கலாம். போய்ப் பேசுங்கள். வாடகை வீடு தேடி வந்தால் சாதி கேட்காமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஊர்த் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலையிலிருந்து இறங்கி வரும் குடும்பங்களை வந்தேறிகள் என்று ஒதுக்காதீர்கள். அவர்கள் உங்கள் ஊரிலிருந்து போனவர்களின் பிள்ளைகள். கிராம சபையில் அவர்களுக்கு மனை கேட்டுத் தீர்மானம் போடுங்கள். ஒரு கிராம சபைத் தீர்மானமும் ஒரு காகிதம்தான், ஆனால் அது நம் கையிலிருந்தே போகும் காகிதம்.

அடுத்த ஐப்பசியிலும் மழை வரும். ஊத்திலும் நாலுமுக்கிலும் இத்தனை சென்டிமீட்டர் என்று இதே பத்திரிகையில் அச்சாகும். கொழுந்து பறிக்க ஆள் இல்லாவிட்டாலும் மழைமானி இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது, அந்த மழையில் நனைந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்கள் பெயரில் ஒரு சென்ட் நிலமாவது பதிவாகியிருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் போய்க் கேளுங்கள். நாமும் வருவோம்.